மலையில் சைக்கிள், பையில் போன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அக்கா, போன மாதம் பழைய எம்.டி.பி. (மலைப்பாதைக்கான) சைக்கிள் ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். லீவு நாட்களில் மலைப்பக்கம் ஓட்ட ஆசை. கூட வருகிறவர்கள் ஹேண்டில்பாரில் ஜிபிஎஸ் கருவி மாட்டியிருக்கிறார்கள். விலை கேட்டால் 30,000-க்கு மேல் சொல்கிறார்கள். என்னிடம் சாதாரண ஆண்ட்ராய்டு போன்தான். மலையில் டவரும் கிடைக்காது. வழி பார்க்கவும், போன ரைடைப் பதிந்து வைக்கவும் குறைந்த செலவில் ஏதாவது வழி உண்டா?
— பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு

உண்டு தம்பி. கையில் இருக்கும் போனே போதும். நாளைக்கே 30,000 ரூபாய் கிடைத்தாலும் முதலில் நல்ல டயரும் ஹெல்மெட்டும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றிக்கொண்டே சிக்னல் அனுப்புகின்றன. நம் போன் அதைக் கேட்கிறது, ரேடியோவில் பாட்டு கேட்பது போல. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தைப் போன் கணக்குப் போட்டுவிடும். சிம் கார்டே வேண்டாம். இன்டர்நெட் கேட்பது வரைபடம்தான். அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் கவலையில்லை.

நான் வைத்திருப்பது ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலி. இலவசம், விளம்பரம் கிடையாது. தமிழ்நாடு வரைபடத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு நெட் இல்லாமலே ஓடும். உயரக் கோடுகளையும் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) காட்டும், புதிய பதிப்பில் போகும் வழியையும் பதியலாம். ஓஸ்ம்ஆண்ட் இன்னொன்று. அதில் வசதிகள் அதிகம், பழக நாலு நாள் ஆகும். இலவசப் பதிப்பில் இத்தனை வரைபடம்தான் இறக்கலாம் என்று வரம்பு உண்டு, உயரக் கோடுகளுக்குக் காசு கேட்கும். கூகுள் மேப்ஸையும் ஆஃப்லைனில் இறக்கலாம், ஆனால் நெட் இல்லாதபோது அது சைக்கிளுக்கோ நடைக்கோ வழி சொல்லாது, கார் வழிதான் சொல்லும். எங்கள் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் மண்பாதைகள் பலவும் அதில் இல்லை.

ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட் இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை எடுத்துக்கொள்பவை. 2004-ல் தொடங்கி, உலகம் முழுக்கச் சாதாரண மக்கள் கூடி வரைந்து வருகிற வரைபடம் அது. மண்பாதை, ஒற்றையடிப் பாதை, குடிநீர்க் குழாய் என்று அந்த வழியில் போனவர்கள் குறித்து வைத்திருப்பார்கள். சைக்கிள்காரருக்கு வேண்டியது இதுதான்.

புறப்படும் நாளில் நான் செய்வதைச் சொல்கிறேன். வீட்டு வாசலில் திறந்த வானத்தின் கீழ் செயலியைத் திறந்து, நீலப்புள்ளி ஓரிடத்தில் நிலைக்கும்வரை இரண்டு நிமிடம் நிற்பேன். பதிவை ஆரம்பித்துவிட்டு ஃபிளைட் மோடில் போடுவேன். டவர் இல்லாத பள்ளத்தாக்கில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும், ஃபிளைட் மோடில் அந்தத் தேடல் நிற்கும். ஜிபிஎஸ் அணையாது. அப்புறம் திரையை அணைத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, முதுகுப் பைக்குள் மேல்பக்கமாக வைப்பேன். என் போன் ஐந்து வருடப் பழசு. இப்படி வைத்தால் ஐந்து மணி நேர ரைடுக்குக் கால்வாசி சார்ஜ்தான் போகிறது. ஹேண்டில்பாரில் மாட்டித் திரையை எரியவிட்டால் பாதி வழியிலேயே பவர் பேங்க் தேட வேண்டியிருக்கும்.

ஹேண்டில்பாரில் போனை மாட்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போதைய பல போன்களின் கேமராவுக்குள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் சின்னப் பொறி இருக்கிறது. தொடர்ந்த அதிர்வு அதைக் கெடுக்கக்கூடும். பெரிய மோட்டார்சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் ஐபோனை மாட்ட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. கல்லும் வேருமாகக் கிடக்கும் இறக்கத்தில் நம் ஹேண்டில்பார் ஆடுகிற ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

சரி, போன் பைக்குள் இருந்தால் வழி பார்ப்பது எப்படி? சைக்கிளின் மேல்குழாயில் வெள்ளை பிளாஸ்டர் ஒரு சாண் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். போன வாரம் நான் எழுதியது இது: "2.3 கோயில் இடது. 4.1 எடைக் கொட்டகை நேரே. 5.6 பாலம் தாண்டி வலது ஏற்றம்." தூரம் பார்க்க, முன்சக்கரக் கம்பியில் காந்தம் கட்டும் சாதாரண ஸ்பீடோமீட்டர் போதும். சில நூறு ரூபாய்தான். சந்தேகம் வரும் பிரிவில் மட்டும் நின்று போனை எடுத்துப் பார்த்தால் போதும். முந்தின நாள் வரைபடத்தைப் பார்த்து இந்த மூன்று வரியை எழுதும்போதே பாதி வழி மனதில் பதிந்துவிடும்.

ஒரு முக்கியமான அமைப்பைப் புறப்படும் முன்பே சரி செய்துவிடுங்கள். போனின் பேட்டரி அமைப்பில் இந்தச் செயலிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று மாற்ற வேண்டும். எனக்கு இது தெரியாத காலத்தில், குஞ்சப்பனையிலிருந்து கோத்தகிரிக்கு ஏறியதைப் பதிந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்காவது கிலோமீட்டரில் தொடங்கி அரவேணு வரைக்கும் ஒரே நேர்கோடு. திரை அணைந்ததும் போன் சார்ஜை மிச்சம் பிடிக்கப் பதிவை நிறுத்தியிருக்கிறது, அரவேணுவில் தண்ணீர் குடிக்க நின்று போனை எடுத்தபோது மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, தார்ச்சாலைதானே. அதே கோளாறு மண்பாதையில் நடந்திருந்தால் திரும்பி வர வழி இருந்திருக்காது.

பதிவு எதற்கு என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: திரும்பி வருவதற்கு. எத்தனை கிலோமீட்டர் என்று நண்பர்களுக்குக் காட்டுவதெல்லாம் அப்புறம். கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கணக்கு பார்க்கிறேன். 14 வருடமாக இந்தப் பக்கம் ஓட்டுகிறேன். கோடநாடு பக்கத்து எஸ்டேட் பாதைகள் எனக்கு மனப்பாடம் என்றுதான் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் மாலை, நான்கு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் நல்ல மழையும் மூட்டமும். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சில்வர் ஓக் மரம், அதன் பக்கத்தில் மூன்றாகப் பிரியும் பாதை. மூன்றுக்கும் இருபக்கமும் ஒரே உயரத்தில் வெட்டிய தேயிலைச் செடி. எந்தப் பாதையில் வந்தேன் என்றே சொல்ல முடியவில்லை. எங்கோ கீழே காட்டுமாடு மூச்சு விடும் சத்தம்.

போனை எடுத்தேன். நான் வந்த தடம் சிவப்புக் கோடாக இருந்தது. நடுப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். நீலப்புள்ளி கோட்டை விட்டு விலகியது. திரும்பி வந்து இடதுபக்கப் பாதையில் நடந்தேன். புள்ளி கோட்டின் மேலேயே வந்தது. அப்படியே புள்ளியைக் கோட்டில் வைத்தபடி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்து, லைன் வீடுகளின் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) விளக்கைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் நடந்து பார்க்கும் அந்தப் பழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் திசைகாட்டி ஏமாற்றும். நடந்தால்தான் புள்ளி உண்மையைச் சொல்லும்.

மேடம், ஒரே ரைடில் என் போன் 38 கி.மீ. காட்டுகிறது, நண்பரின் கருவி 40 கி.மீ. காட்டுகிறது. ஏறிய உயரத்திலும் 200 மீட்டர் வித்தியாசம். எது சரி?
— வங்கி ஊழியர், சேலம்

நண்பர் சக்கரத்தில் சென்சார் மாட்டியிருந்தால் தூரத்தில் அவர் கணக்கைத்தான் நம்புவேன். போன் சில நொடிக்கு ஒருமுறை புள்ளி வைத்துப் புள்ளிகளை நேர்கோட்டில் இணைக்கிறது. ஏற்காடு ஏற்றம் போலக் கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த வழியில் ஒவ்வொரு வளைவின் மூக்கையும் அந்தக் கோடு வெட்டிவிடும், தூரம் குறையும். மரம் அடர்ந்த இடத்திலும் பாறைச் சுவர் ஓரத்திலும் புள்ளி தடுமாறும். டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் புள்ளி அங்கேயே அலைந்து இல்லாத தூரத்தைக் கூட்டவும் செய்யும். நிற்கும்போது பதிவைத் தானாக நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

சக்கரக் கணக்கும் சரியாக இருக்க, சுற்றளவைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். பெட்டியில் உள்ள அட்டவணையைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். டயரில் காற்று பிடித்து, வால்வு அடியில் இருக்கும்போது தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, நேராக ஒரு சுற்று உருட்டி, வால்வு மறுபடி அடிக்கு வரும் இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளியை டேப்பால் அளந்து பாருங்கள். 26 இன்ச் சக்கரத்துக்கு 2.07 மீட்டர் அளவில் வரும், 29 இன்ச் என்றால் 2.3 மீட்டர் அளவில். இதில் 2 சென்டிமீட்டர் தப்பினால் 40 கிலோமீட்டரில் 400 மீட்டர்வரை தப்பும்.

உயரத்தில் ஜிபிஎஸ் எப்போதுமே பலவீனம்தான். காற்றழுத்தம் அளக்கும் உணரி உள்ள கருவி நன்றாகச் சொல்லும். அது இல்லாத போனின் பதிவுக்கு, வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன உயரமோ அதைப் பல செயலிகள் எடுத்துப் போடும். செங்குத்துச் சரிவில் புள்ளி பத்து மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே உயரம் ஏறி இறங்கும், ஏறாத ஏற்றமெல்லாம் கணக்கில் சேரும். 200 மீட்டர் வித்தியாசத்துக்காகச் சண்டை வேண்டாம்.

என் மகன் ஞாயிறுதோறும் மலைக்குச் சைக்கிளில் போகிறான். போன் எடுக்கவே மாட்டான். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிய வழி இருக்கிறதா?
— ஒரு தாய், மேட்டுப்பாளையம்

இருக்கிறது அம்மா, ஆனால் அதையே முழுதாக நம்பியிருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 8 மணி நேரம்வரை பகிரலாம். மகனின் போனில் நெட் இருக்கும்போதுதான் அது நகரும். பள்ளத்தில் இறங்கினால் புள்ளி அப்படியே நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

காகிதம்தான் இதற்குச் சிறந்தது. போகும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்பல், எத்தனை மணி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மூன்று வரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். என் வீட்டில் நான் எழுதுவது "5 மணிக்குள் வருவேன், 6:30 ஆனால் தேடு". மாலை வெயில் தாழ்ந்தால் கரடியும் காட்டுமாடும் தேயிலைக்குள் இறங்கும், அதனால் 5 மணியைத் தாண்ட விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். விழுந்து அடிபட்டு 112-ஐக் கூப்பிட நேர்ந்தால் "டீத்தோட்டத்துக்குள் இருக்கிறேன்" என்றால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. வரைபடத்தில் நீலப்புள்ளியைத் தொட்டால் இரண்டு எண்கள் வரும், கோத்தகிரி என்றால் 11.4 என்றும் 76.8 என்றும் தொடங்கும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் படித்துச் சொன்னால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும்.

ஜிபிஎஸ் கருவியே வாங்க விரும்பினால், குறைந்த விலையில் எது?
— கோவை

ரைடைப் பதிந்தால் மட்டும் போதும் என்றால் எக்ஸ்ஓஎஸ்எஸ், ஐஜிபிஸ்போர்ட் போன்ற சீனக் கம்பெனிகளின் சின்னக் கருவிகள் சில ஆயிரத்தில் கிடைக்கின்றன. அவற்றில் வழியும் காட்டுகிற மாடல்களில் பலவற்றில் வரைபடம் இருக்காது, நீங்கள் ஏற்றிய ஜிபிஎக்ஸ் கோப்பு (வழியைப் புள்ளிகளாகச் சேமித்த கோப்பு) வெறும் கோடாகத் தெரியும். அந்தக் கோடே போதும். காட்டுக்குள் எனக்கு அதிகம் பிடித்தது பழைய கார்மின் ஈட்ரெக்ஸ் 10. கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு ஏஏ பேட்டரி. செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் பேட்டரி மூடியின் ரப்பர் வெடிக்கவில்லையே என்று பார்த்து வாங்குங்கள். எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் அதற்குப் பேட்டரி கிடைக்கும்.

ரைடுகளைப் பகிரும் ஸ்ட்ராவா செயலியில் போட்டால் என் வீடு எல்லோருக்கும் தெரியுமா?
— பெயர் வேண்டாம், ஊட்டி

அமைப்பை மாற்றாவிட்டால் தெரியலாம். வீட்டைச் சுற்றிய பகுதியையும் ரைடின் தொடக்கம், முடிவையும் மறைக்கும் வசதி தனியுரிமைப் பகுதியில் இருக்கிறது. தனியாக ஓட்டும் பெண்கள் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும். நான் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் எதையும் பதிவேற்றுவேன்.

எங்கள் ஊர் மண்பாதைகள் எந்த மேப்பிலும் இல்லை. நான் ஓட்டிப் பதிந்ததைச் சேர்க்க முடியுமா?
— விவசாயி, கொல்லிமலை

உங்கள் கடிதம்தான் இந்த மாதம் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது ஐயா. கட்டாயம் முடியும். பதிந்த தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கணக்குத் தொடங்கி ஏற்றுங்கள். அதன்மேல் பாதையை வரைய அங்கேயே கருவி இருக்கிறது. ஒரே பாதையில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பதிந்து, கோடுகளுக்கு நடுவில் வரைந்தால் துல்லியமாக இருக்கும். தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் உண்டு, ஊரார் சொல்லும் பெயரையே எழுதுங்கள். கேட் இருந்தால் கேட், குடிக்கத் தண்ணீர் இருந்தால் குழாய், இரண்டையும் குறியுங்கள். இங்கே ஒரு எஸ்டேட் வளைவில் நான் குறித்த குழாயில், ஊர் பெயர் தெரியாத யாரோ இருவர் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன்.

காப்புக் காட்டுக்குள் போகும் பாதையை வரைய நேர்ந்தால் அனுமதி வேண்டும் என்பதையும் அந்தப் பாதையிலேயே குறிப்பிடுங்கள். மேப்பில் கோடு இருப்பதாலேயே போகலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ எடுத்த உயிர்களுக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறையே கொண்டுவந்தது. வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் சக்கரத்தை உள்ளே விட வேண்டும். எஸ்டேட் பாதை என்றால் காவலாளியிடமோ மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை.

உங்கள் ஊர்ப் பாதையை ஏற்றி முடித்ததும் எழுதுங்கள். நான் இறக்கிக்கொண்டு ஓட்ட வருகிறேன்.