ரத்தத்தில் இல்லாத வைரஸ் குடலில் இருக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. ஏழு மாதங்களுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு மாத்திரைகள் சாப்பிடுகிறார். மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு; ஐந்து கிலோ இளைத்துவிட்டார். சி.எம்.வி. ரத்தப் பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தது. அப்படியும் கொலோனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்யச் சொல்கிறார்கள். ரத்தத்தில் இல்லாத வைரஸ் குடலில் எப்படி இருக்கும்? தேவையில்லாத செலவோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: இருக்கலாம் அம்மா. உங்கள் டாக்டர் சொன்னது சரிதான்.

சி.எம்.வி. என்கிற சைட்டோமெகலோ வைரஸ் நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குச் சிறு வயதிலேயே வந்து, உடம்புக்குள் சத்தமில்லாமல் தங்கிவிடும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிடும்போது அது மறுபடி தலைதூக்கும். மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று முதல் ஆறு மாதம் வரை தடுப்புக்காக வால்கான்சிக்ளோவிர் என்கிற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பது வழக்கம். அதை நிறுத்திய அடுத்த சில மாதங்களில்தான் பலருக்கு நோய் வெளிப்படுகிறது. உங்கள் கணவர் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்.

சி.எம்.வி.க்குச் செய்யும் பி.சி.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை, ரத்தத்தில் ஓடுகிற வைரஸின் மரபணுவை அளக்கிறது. குடல் சுவரின் செல்களுக்குள் வைரஸ் பெருகிப் புண் உண்டாக்கினாலும், இந்தப் பரிசோதனையில் தெரியும் அளவுக்கு அது ரத்தத்தில் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை என்பதற்காக வீட்டுக்குள் யாருமில்லை என்று சொல்ல முடியுமா? குறிப்பாக, அறுவை சிகிச்சைக்கு முன்பே சி.எம்.வி. உடம்பில் இருந்தவர்களுக்குக் குடல் பாதிப்பு இருந்தும் ரத்தத்தில் 'இல்லை' என்று வருவது உண்டு. தானமளித்தவரின் உறுப்பு வழியே முதல்முறையாக வைரஸ் வந்தவர்களிடம் ரத்தப் பரிசோதனையை ஓரளவு அதிகம் நம்பலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. ரத்தத்தில் கொஞ்சம் வைரஸ் தெரிந்தாலும், பேதிக்குக் காரணம் அதுதான் என்று ஆகாது. மைக்கோபினோலேட்டே பேதியைக் கிளப்பும். நோரோ வைரஸாக இருந்தால் மலத்தில்தான் தேட வேண்டும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் அது மாதக்கணக்கில் நீடிக்கும். ஆகவே மலப் பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் அதையும் கேளுங்கள்.

சிலர் ஐஜிஜி, ஐஜிஎம் என்கிற, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களைப் பார்க்கும் பரிசோதனை எடுத்து, 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் பதறிவிடுகிறார்கள். ஐஜிஜி நம்மில் பெரும்பாலோருக்குப் பாசிட்டிவாகத்தான் இருக்கும். ஐஜிஎம்மை வைத்தும் மாற்று உறுப்பு நோயாளிக்கு முடிவு சொல்ல முடியாது. செலவை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இங்கே பிடியுங்கள், கொலோனோஸ்கோபியில் வேண்டாம்.

கொலோனோஸ்கோபியின்போது புண் உள்ள இடங்களிலிருந்து பல சிறு துண்டுகள் எடுப்பார்கள். பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரு துண்டு போதாது. மைக்ரோஸ்கோப்பில் ஆந்தைக் கண் போன்ற செல்கள் தெரியலாம். தெரியாவிட்டாலும், வைரஸின் புரதத்தைக் காட்டும் சிறப்புச் சாயப் பரிசோதனை இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என்பது லேபுக்குப் போகும் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் மருந்து சோடியம் பாஸ்பேட் வகையாக இருக்கக் கூடாது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைதான் இவருக்கு ஏற்றது.

சி.எம்.வி. என்று உறுதியானால் கான்சிக்ளோவிர் ஊசி, அப்புறம் வால்கான்சிக்ளோவிர் மாத்திரை. குறைந்தது இரண்டு வாரம் ஆகும். சிறுநீரகம் வேலை செய்யும் அளவைப் பார்த்துத்தான் டோஸ். வெள்ளணுக்கள் குறையலாம் என்பதால் ரத்த எண்ணிக்கையை அடிக்கடி பார்ப்பார்கள்.

அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். பேதியின்போது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அந்த அளவையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் வயிற்றுவலி, காய்ச்சல், சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் கொலோனோஸ்கோபி தேதிக்காகக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.