எலும்பும் குருத்தெலும்பும்: உடற்கூறியல் ஆசிரியரிடம் சில கேள்விகள்

மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் பலர் கேட்ட கேள்விகளும், அவர் அளித்த பதில்களும்.

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கிறேன், ஐயா. இரண்டுமே இணைப்புத் திசு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஒன்று கடினம், மற்றொன்று மென்மை என்பதைத் தவிர வேறு என்ன எழுதுவது?

பதில்: கடினமும் மென்மையும் வேறுபாட்டின் விளைவுகள்தாம். இரண்டு திசுக்களிலும் செல்கள் குறைவு. அச்செல்கள் சுரந்து தம்மைச் சுற்றி நிரப்பிக்கொண்ட மேட்ரிக்ஸே மிகுதி. செல்களோ லாக்குனா எனப்படும் சிறு குழிகளுக்குள் அடங்கியிருக்கின்றன. இந்தப் பொது அமைப்பினால்தான் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்தார்கள். குருத்தெலும்பின் எடையில் முக்கால் பங்கு வரை நீர்தான். அந்த நீரைப் பிடித்துவைப்பவை அக்ரிகன் போன்ற பெரிய மூலக்கூறுகள். அவை உப்பி விரியாதபடி கட்டிவைப்பவை இரண்டாம் வகைக் கொலாஜன் என்னும் புரத இழைகள். எலும்பிலோ முதல் வகைக் கொலாஜன் இழைகளின் மீது ஹைட்ராக்ஸி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் படிந்திருக்கின்றன. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கனிமமே. ஒரு கோழிக்கால் எலும்பைச் சில நாள்கள் வினிகரில் ஊறவையுங்கள்; கனிமம் கரைந்த பின் எஞ்சும் கொலாஜனை விரலால் வளைக்கலாம்.

தேர்வில் ரத்த ஓட்டத்தை முதலில் எழுதுங்கள். எலும்பில் அது தாராளமாக உண்டு, குருத்தெலும்பில் இல்லை. மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைப்பவை என்பதே என் கருத்து.

கேள்வி: ரத்தக் குழாயே இல்லையென்றால் குருத்தெலும்புச் செல்களுக்கு உணவு எப்படிப் போய்ச் சேர்கிறது?

பதில்: நீர் நிறைந்த மேட்ரிக்ஸ் வழியாக ஆக்சிஜனும் குளுக்கோஸும் மெல்லப் பரவிச் சேர்கின்றன. காது, விலா ஆகிய இடங்களில் குருத்தெலும்பைப் போர்த்தியிருக்கும் பெரிகாண்ட்ரியம் என்ற உறையின் ரத்தக் குழாய்களிலிருந்து அவை வருகின்றன. மூட்டு முனைகளில் அந்த உறை கிடையாது. அங்கே மூட்டுக்குள் உள்ள சைனோவியல் திரவமே உணவளிக்கிறது. நடக்கும்போது குருத்தெலும்பு அழுந்தி நீரை வெளியேற்றுவதும், பாரம் விலகியதும் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதும் இந்தப் போக்குவரத்துக்குத் துணைசெய்கின்றன.

கனிமம் ஏறிய எலும்பில் இப்படிப் பரவ வழியில்லை. ஆகவே அதற்குள் ரத்தக் குழாய்களைத் தாங்கிய ஹேவர்சியன் கால்வாய்கள் ஓடுகின்றன. 1691இல் இவற்றை விவரித்த லண்டன் மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸின் பெயரே இவற்றுக்கு வைக்கப்பட்டது. ஒவ்வொரு கால்வாயையும் சுற்றி வளையம் வளையமாக எலும்பு அமைந்து, சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆஸ்டியான் ஆகிறது. தேய்த்து மெலிதாக்கிய எலும்புத் துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், அந்த வளையங்களுக்கிடையே கரும்புள்ளிகளாக லாக்குனாக்களும், அவற்றிலிருந்து நாலாபுறமும் மயிரிழைபோல் கிளம்பும் நுண்கால்வாய்களும் தெரியும். அவற்றின் வழியே எலும்புச் செல்கள் தம் நீட்சிகளால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. குருத்தெலும்புச் செல்லுக்கு அப்படிப்பட்ட தொடர்பு இல்லை. கண்ணாடி போன்ற பரப்பில் இரண்டிரண்டாக, நான்கு நான்காக ஒதுங்கி நிற்கும். ஒரே செல் உள்ளேயே பிரிந்து பெருகியதன் அடையாளம் அது. குருத்தெலும்பு இவ்வாறு உள்ளிருந்தும் வளரும். எலும்போ மேற்பரப்பில் மட்டுமே சேர்ந்து வளர முடியும்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், மூட்டில் இடைவெளி குறைந்துவிட்டது, தேய்மானம் என்றார். கை உடைந்தால் மாவுக்கட்டு போட்டுச் சில வாரங்களில் கூடிவிடுகிறதே, முட்டி ஏன் கூடுவதில்லை?

பதில்: எக்ஸ்ரேயில் தெரியும் அந்த "இடைவெளி" வெற்றிடமன்று, கனிமம் இல்லாததால் படத்தில் விழாத குருத்தெலும்பு அங்கே இருக்கிறது. அது மெலிய மெலிய இரண்டு எலும்புகளும் நெருங்கித் தெரிகின்றன.

எலும்பு முறிந்தால் ரத்தம் கசிந்து உறைகிறது. அந்த உறைவுக்குள் புதிய செல்கள் வந்து சேர்கின்றன. வேடிக்கை என்னவென்றால், உடைந்த எலும்பை முதலில் இணைப்பது பெரும்பாலும் குருத்தெலும்பாலான மென்மையான ஒட்டுதான். பின்னர் அது எலும்பாக மாற்றப்படுகிறது. காயமில்லாதபோதும் பழைய எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரித்தெடுக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிதாகக் கட்டுகின்றன. வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இப்படி மாறுகிறது. மூட்டுக் குருத்தெலும்பிலோ மேலோட்டமான காயத்தில் ரத்தமே வருவதில்லை. பழுது பார்க்க வெளியிலிருந்து செல்கள் வருவதற்கும் வழியில்லை. அதன் கொலாஜன் இழைகள் இளமையில் அமைந்தவை. பிறகு புதுப்பிக்கப்படுவது மிக அரிது. அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று உடற்கூறியலாளர் வில்லியம் ஹன்டர் 1743லேயே எழுதிவிட்டார். 1994இல் சுவீடன் மருத்துவர்கள், நோயாளியின் குருத்தெலும்புச் செல்களை வெளியே வளர்த்துத் திரும்ப வைக்கும் முறையை வெளியிட்டனர். அதுவும் இளையவர்களின் முட்டியில் ஓரிடத்தில் ஏற்பட்ட குழிக்குப் பொருந்துமேயன்றி, முட்டி முழுதும் பரவிய தேய்மானத்துக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குருத்தெலும்பில் வலி உணரும் நரம்பு கிடையாது. அம்மாவின் வலி கீழுள்ள எலும்பிலிருந்தும் மூட்டு உறையிலிருந்தும் வருகிறது. தொடைத் தசைகளை வலுப்படுத்துவதும் உடல் எடையைக் குறைப்பதும் அந்த வலியைத் தணிக்கும். வலிக்குப் பயந்து நடமாட்டத்தையே நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் குடித்தால் ஜவ்வு வளரும் என்கிறார்களே?

பதில்: சூப்பில் கரையும் கொலாஜன் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துணுக்குகளாகவும் உடைந்துவிடுகிறது, அது முட்டிக்குக் கொலாஜனாகவே போய் ஒட்டிக்கொள்வதில்லை. ருசிக்காகக் குடியுங்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு விற்கப்படும் மாத்திரைகளின் கதையும் இதுதான்: 1,583 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், குளுக்கோசமைனும் காண்ட்ராய்ட்டினும் மொத்தத்தில் மருந்தில்லாத போலி மாத்திரையைவிடக் கூடுதலாக வலியைக் குறைக்கவில்லை.

கேள்வி: சுறாவுக்கு எலும்பே இல்லை என்பது உண்மையா?

பதில்: உண்மை. அதன் எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. மேற்பரப்பில் மட்டும் சிறு சிறு கால்சியத் தகடுகள் பதிந்திருக்கும்.

கேள்வி: என் மகனுக்குப் 12 வயது. சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டில் அடி. வளர்ச்சித் தட்டில் அடிபட்டிருக்கலாம், மறுபடியும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அது என்ன, ஐயா?

பதில்: கருவில் கைகால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பு வடிவிலேயே உருவாகின்றன, பிறகு நடுவிலிருந்து எலும்பாக மாறத் தொடங்குகின்றன. (மண்டையோட்டின் மேற்பகுதி போன்ற சில மட்டும் இந்தப் படியைத் தாண்டி, நேரே எலும்பாகின்றன.) சிறுவர்களின் நீண்ட எலும்பு முனைகளுக்கு அருகே ஒரு குருத்தெலும்புப் பட்டை எஞ்சியிருக்கும், அதுதான் வளர்ச்சித் தட்டு. அங்கே செல்கள் வரிசை வரிசையாகப் பெருகி, பருத்து, சுற்றிலும் கால்சியம் படிந்ததும் ரத்தக் குழாய்கள் நுழைய, அவ்விடத்தில் எலும்பு கட்டப்படுகிறது. எலும்பு உள்ளிருந்து வளர முடியாது என்று முன்பு சொன்னேன் அல்லவா, நீளம் கூடுவதற்கு இந்தப் பட்டை தேவைப்படுவது அதனால்தான். பருவ வயதின் இறுதியில், ஆண்பிள்ளைகளுக்கும்கூட, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்பால் ஹார்மோனின் செயலால் அது மூடிக்கொள்ளும்.

பட்டை எக்ஸ்ரேயில் கருங்கோடாக மட்டுமே தெரிவதால் அதில் விழுந்த விரிசல் முதல் படத்தில் தப்பிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் முன்கூட்டியே மூடிக்கொண்டால் எலும்பு கோணலாக வளரக்கூடும். எனவே வலி நின்றுவிட்டாலும், அவர்கள் சொன்ன தேதியில் மகனைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.