வெள்ளை ஓநாய்களை இந்த முறை நம்பலாமா? உஸ்பெகிஸ்தான் கால்பந்து – கேள்வி பதில்

2025 ஜூன் 5ஆம் தேதி அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு 0-0 என்று டிரா செய்த இரவில், 'வெள்ளை ஓநாய்கள்' என்று செல்லமாக அழைக்கப்படும் உஸ்பெகிஸ்தான் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு (2026) தகுதி பெற்றது. மத்திய ஆசியாவிலிருந்து அங்கே போகும் முதல் நாடு அதுதான். அன்றிலிருந்து அந்த அணியின் ரசிகர்கள் பேசும் தோரணையே மாறிவிட்டது. அதைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்த அணியை நெடுநாளாகப் பின்தொடர்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): உலகக் கோப்பையை 48 அணிகளாகப் பெருக்கியதால்தானே உள்ளே வந்தார்கள்? இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

ஆசியாவுக்கான நேரடி இடங்கள் நான்கிலிருந்து எட்டானது உண்மை. அது உதவியிருக்கிறது. ஆனால் இவர்கள் கடைசிப் படியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள் இல்லை. ஆசியத் தகுதிப் போட்டியின் மூன்றாம் சுற்றில் பத்து ஆட்டம், ஒரே ஒரு தோல்வி. ஈரானுக்கு அடுத்தபடி 21 புள்ளிகள். அமீரகமும் கத்தாரும் இவர்களுக்குக் கீழேதான் முடித்தன. அந்த ஒரே தோல்வியும் கத்தாரில், 3-2 என்று கடைசி நொடிகளில் போனது. அதே கத்தாரைக் கடைசி ஆட்டத்தில் தாஷ்கண்டுக்கு வரவைத்து 3-0 என்று அடித்தார்கள். அதற்கு முன்பே தகுதி கிடைத்துவிட்டது, அப்படி அடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. எனக்கு அந்த ஆட்டம் மிகவும் பிடித்தது.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): அண்ணா, தகுதி பெற்ற பிறகும் அங்கே பெரியவர்கள் பலர் நம்பவே பயந்தார்கள் என்கிறார்களே, ஏன்?

தம்பி, அந்தப் பயத்துக்கு இருபது வருஷக் கதை இருக்கிறது. 2005 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிக்கான பிளேஆஃப் (நேரடி இடம் கிடைக்காதவர்களுக்கான கூடுதல் மோதல்) முதல் ஆட்டம், தாஷ்கண்டில் பஹ்ரைனோடு. உஸ்பெகிஸ்தான் 1-0 முன்னிலை. பெனால்டி கிடைக்கிறது, கோலும் விழுகிறது. ஆனால் உதைக்கும் முன்பே ஓர் உஸ்பெக் வீரர் பெட்டிக்குள் ஓடிவிட்டார். விதிப்படி பெனால்டியை மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டும். ஜப்பானிய நடுவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். 1-0 என்று வென்ற உஸ்பெகிஸ்தான் புகார் செய்து, 3-0 என்று தீர்ப்பு கேட்டது. ஃபிஃபா ஆட்டத்தையே ரத்து செய்து, முதலிலிருந்து ஆடச் சொன்னது. மறு ஆட்டம் 1-1. பஹ்ரைனில் 0-0. எதிரணி மண்ணில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற வெளியூர் கோல் கணக்கில் உஸ்பெகிஸ்தான் வெளியே! வென்ற ஆட்டத்தைப் புகார் கொடுத்தே இழந்த வலி லேசில் போகாது.

அப்புறம் 2013. தென்கொரியாவுக்கும் இவர்களுக்கும் தலா 14 புள்ளி. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் கொரியா நேரடியாகப் போனது. இவர்கள் பிளேஆஃபுக்கு வந்து, ஜோர்டானோடு இரண்டு ஆட்டமும் 1-1 ஆகி, பெனால்டியில் 9-8 என்று தோற்றார்கள். 2017இல் தாஷ்கண்டில் அதே கொரியாவை வென்றே ஆக வேண்டும் என்ற நிலை. 0-0. இத்தனையும் பார்த்தவர்கள் இறுதி விசில் வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு விஷயம்: 2013இல் இவர்களை வெளியேற்றிய ஜோர்டானும் அதே ஜூன் 5ஆம் தேதிதான் முதன்முறையாகத் தகுதி பெற்றது.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்): அப்போதும் நல்ல வீரர்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். வேறு என்ன மாறியது?

இதுதான் முக்கியமான கேள்வி. முன்பு நல்ல வீரர்கள் ஒருவர், இருவர் என்று வந்தார்கள். டைனமோ கீவில் ஆடிய மாக்சிம் ஷாட்ஸ்கிக் ஓர் உதாரணம். பணத்தைக் கொட்டியும் பார்த்தார்கள். 2008இல் புன்யோத்கோர் கிளப் பிரேசிலின் ரிவால்டோவையே தாஷ்கண்டுக்குக் கொண்டுவந்தது, பின்னால் ஸ்கோலாரி பயிற்சியாளராக வந்தார். சில வருஷம் ஜொலித்தது, தேசிய அணிக்கு அதனால் நிலையாக எதுவும் மிஞ்சவில்லை.

இப்போது கீழிருந்து அடுக்கடுக்காக வருகிறார்கள். வரிசையைப் பாருங்கள். 2018இல் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, சீனாவில் கொட்டும் பனியில் வியட்நாமை வென்று. 2023இல் 20 வயதுக்குட்பட்டோர் கோப்பை, சொந்த மண்ணில். அதே ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வெளியேற்றிக் காலிறுதி. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக், கால்பந்தில் முதன்முறை. 2025 ஏப்ரலில் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை இறுதி: எதிரே சவூதி, அதுவும் அவர்கள் ஊரில். முதல் பாதியிலேயே இரண்டு ரெட் கார்டு. ஒன்பது பையன்களோடு ஆடி 2-0 என்று ஜெயித்தார்கள்.

அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. இளைஞர் அணியை ஒரு கிளப்பாகவே ஆக்கி, 'ஒலிம்பிக்' என்ற பெயரில் உள்நாட்டு லீகில் பெரியவர்களோடு மோதவிட்டார்கள். முகாமில் கூடிக் கலையும் பையன்களுக்கும், வாரா வாரம் முப்பது வயது டிஃபெண்டரிடம் இடிபட்டுப் பழகிய பையன்களுக்கும் உள்ள வித்தியாசம் களத்தில் தெரிகிறது.

கேள்வி (சென்னை): மான்செஸ்டர் சிட்டியில் ஆடும் குசானோவ் அவ்வளவு பெரிய ஆளா?

அப்துகோதிர் குசானோவ் 2004இல் பிறந்தவர். உள்நாட்டு லீகில் பெயர் எடுக்கும் முன்பே பெலாருஸுக்குப் போய், அங்கிருந்து பிரான்ஸின் லான்ஸ், அங்கிருந்து 2025 ஜனவரியில் சிட்டி. விலை சுமார் நான்கு கோடி யூரோ. பிரீமியர் லீகில் ஆடிய முதல் உஸ்பெக் அவர்தான். முதல் ஆட்டம் செல்சியோடு. மூன்றாவது நிமிடத்திலேயே அவர் தலையால் தட்டிய பந்து தன் கோல்கீப்பருக்குப் போய்ச் சேராமல் எதிரணியிடம் சிக்கிக் கோலாகிவிட்டது. அப்படி ஒரு தொடக்கத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்றாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஓட்ட வேகம் அபாரம். பின்னால் அவர் இருப்பதால் மற்ற டிஃபெண்டர்கள் துணிந்து மேலே ஏறி நிற்க முடிகிறது.

ஆனால் அணி அவர் ஒருவரால் நிற்கவில்லை. ஷாட்ஸ்கிக்கின் கோல் கணக்கைத் தாண்டிய கேப்டன் எல்தோர் ஷோமுரோதோவ், இடைவெளி கிடைத்தால் பந்தோடு பாயும் அப்போஸ்பெக் ஃபைசுல்லாயெவ், அபுதாபியில் கோல் விடாமல் காத்த கீப்பர் உத்கிர் யூசுபோவ் எல்லோரும் சேர்ந்துதான் இது.

கேள்வி (யாழ்ப்பாணம்): தகுதி வாங்கித் தந்த பயிற்சியாளரை மாற்றியது சரியா?

எனக்கு இதில் மனக்குறை உண்டு. ஸ்ரெச்கோ கட்டனெட்ஸ் உடல்நலம் காரணமாக விலகியபோது பொறுப்பேற்றவர் திமுர் கபாட்ஸே. தேசிய அணிக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடி, உலகக் கோப்பை வாசல் வரை போய்த் திரும்பிய தலைமுறைக்காரர். ஒலிம்பிக் அணியைத் தயாரித்தவரும் அவரே. இந்தப் பையன்களைச் சிறு வயதிலிருந்தே தெரியும். 2025 அக்டோபரில் அந்த இடத்துக்கு ஃபாபியோ கன்னவாரோவைக் கொண்டுவந்தார்கள். 2006இல் இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன், சென்டர் பேக். குசானோவுக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய மேடையின் அழுத்தம் அவருக்குத் தெரியும். இருந்தாலும் கபாட்ஸே அந்த மேடையில் நின்றிருக்க வேண்டியவர்.

கேள்வி (புதுச்சேரி): குழுவில் போர்ச்சுகல், கொலம்பியா. மூன்று ஆட்டத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள். பன்னிரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகளோடு, மூன்றாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த எட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். ஒரு வெற்றி, ஒரு டிரா கிடைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கண்டங்களுக்கு இடையிலான பிளேஆஃப் வழியாக வரும் அணியோடு அட்லாண்டாவில் நடக்கும் கடைசி ஆட்டம்தான் உயிர்நாடி.

என் கவலை முதல் ஆட்டம் பற்றியது. கொலம்பியாவோடு மெக்சிகோ சிட்டியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். தாஷ்கண்ட் 450 மீட்டர் சுமாருக்குத்தான். அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், பந்தும் வேகமாகப் பறக்கும். முன்கூட்டியே போய்ப் பழகினால் சமாளிக்கலாம். கொலம்பியாவும் தன் சொந்த ஆட்டங்களைக் கடலோர பாரங்கியாவில்தான் ஆடிப் பழகியது, அதனால் அவர்களுக்கும் சுகமான இடமில்லை.

கேள்வி (திருநெல்வேலி, பள்ளி விளையாட்டு ஆசிரியர்): இந்தியாவால் இதைச் செய்ய முடியாதா சார்?

2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இவர்கள் நம்மை 3-0 என்று வென்றதைப் பார்த்திருப்பீர்கள். நான்காவது நிமிடத்திலேயே ஃபைசுல்லாயெவ் கோல் போட்டார். நம் ஆட்கள் முயற்சியில் குறைவைக்கவில்லை. பந்தைக் கையாளும் பழக்கத்தில்தான் தூரம் தெரிந்தது, அது பன்னிரண்டு வயதில் வர வேண்டியது. அவர்கள் மக்கள்தொகை தமிழ்நாட்டில் பாதியளவுதான். 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் இளைஞர்களை வைத்துத் தங்கம் வென்று போனதும் இதே நாடுதான். சிறுவர்களைத் தேடிப் பிடித்து, சீக்கிரமே பெரிய போட்டிகளில் இறக்கிவிடுகிறார்கள்.

நமக்கும் நல்ல சேதி இல்லாமல் இல்லை. 2025 மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பையில் ஓமனைப் பெனால்டியில் வென்று இந்தியா மூன்றாம் இடம் பிடித்தது. கோப்பை, ஈரானை 1-0 என்று வென்ற உஸ்பெகிஸ்தானுக்கு. உங்களைப் போன்றவர்கள் கையில்தான் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் சார். வருஷத்துக்கு ஒரு டோர்னமென்ட் போதாது. பிள்ளைகளுக்கு வாரா வாரம் ஆட்டம் கிடைக்க வேண்டும்.

கேள்வி (சேலம்): ஒரே ஓர் ஆட்டம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

போர்ச்சுகல் ஆட்டத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஜூன் 23ஆம் தேதி இரவு, நேரமும் நமக்குத் தோதானது. நான் கொலம்பியா ஆட்டத்தைச் சொல்வேன். நம் நேரப்படி ஜூன் 18 காலை. ஐந்து நிமிடம் முன்பே டிவியைப் போட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கான கால்பந்து உலகக் கோப்பையில் உஸ்பெக் தேசிய கீதம் ஒலிப்பது அதுதான் முதல் முறை.