கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றுகிறது. கூலி யார் தலையில்?

கேள்வி: நோர்வூட் பக்கம் 1 மெகாவாட் சிறு நீர்மின் நிலையம் கட்டுகிறோம். டர்பைன், ஜெனரேட்டருக்காக ஐரோப்பிய கம்பனி ஒன்றுக்கு 30 சதவீத முற்பணம் கட்டியாயிற்று. கொழும்புத் துறைமுகம் வரை சி.ஐ.எஃப். விலை, அதாவது பொருள், காப்புறுதி, கப்பல் கூலி எல்லாம் சேர்த்த விலை. செங்கடலில் தாக்குதல் நடப்பதால் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும், கூடுதல் கப்பல் கூலி தந்தால்தான் ஏற்றுவோம், இது ஃபோர்ஸ் மஜூர், அதாவது தங்கள் கைமீறிய நிகழ்வு என்கிறார்கள். ஒப்பந்தத்துக்கு இங்கிலாந்துச் சட்டம். பிணக்கு என்றால் நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர்கள் தீர்க்கும் சிங்கப்பூர் சர்வதேச நடுத்தீர்ப்பு நிலையம். கொழும்பில் வழக்குப் போடலாமா ஐயா?

பதில்: போடலாம், ஆனால் நிற்காது. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம், 5ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை.

அதற்கு முன், முற்பணத்துக்கு அவர்கள் தந்த வங்கி உத்தரவாதத்தை இன்றே எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதி கடந்தால் அது வெறும் தாள். நடுவர் மன்றமும் அதற்கு உயிர் கொடுக்காது. தேதி நெருங்கினால் 'காலத்தை நீட்டு, இல்லையேல் பணம் தா' என்று வங்கிக்குக் கோரிக்கை அனுப்புங்கள். உத்தரவாதத்தில் கேட்டுள்ள வாசகத்தை எழுத்துக்கெழுத்து அப்படியே போடுங்கள். எந்தக் கடமையில் விற்பனையாளர் தவறினார் என்று எழுதச் சொல்லியிருந்தால், உண்மையாகத் தவறியதை மட்டும் எழுதுங்கள். ஹட்டனில் கூரியரில் போட்ட நாள் கணக்கில்லை, வங்கியின் கைக்குச் சேர்ந்த நாள்தான் கணக்கு.

இனி போர்ச் சாக்கு. 1956இல் சுயஸ் கால்வாய் மூடியபோது சூடானிலிருந்து ஹம்பர்க்குக்கு நிலக்கடலை அனுப்ப வேண்டிய வணிகர் இதே வாதத்தை வைத்தார். முனையைச் சுற்றினால் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் அன்றைய இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை, ஒப்பந்தம் முறிந்துவிடவில்லை என்று 1961இல் தீர்ப்பளித்தது. சி.ஐ.எஃப். என்றால் கூலி விற்பவர் பொறுப்பு. கூலி ஏறியது அவர் தலைவலி. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தின் சொல்லைப் பாருங்கள். 'தடுக்கப்பட்டால்' என்றிருந்தால் அவர்கள் வாதம் பலவீனம். 'தாமதமானால்' என்றும் இருந்தால் கூடுதல் காலம் கிடைக்கலாம், கூடுதல் பணத்துக்குத் தனி வாசகம் வேண்டும். அறிவித்தல் கொடுக்க வேண்டிய நாட்களை அவர்கள் தவறவிட்டார்களா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மழைக்கு முன் இயந்திரம் வேண்டுமென்று பணம் கட்டித்தான் தீரவேண்டுமானால், 'எதிர்ப்புடன், உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறோம்' என்று முதலே எழுத்தில் கொடுங்கள். விலை திருத்த உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தால், பிறகு மீட்பது கடினம்.

இயந்திரம் தாமதமானால், உங்களிடம் மின்சாரம் வாங்கும் நிறுவனத்துக்குத் தனியாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். விற்பனையாளரின் கடிதம் உங்கள் மின் கொள்வனவு உடன்படிக்கையில் தானாகச் செல்லாது.

தொகை 10 இலட்சம் சிங்கப்பூர் டொலருக்கு உட்பட்டதென்றால், சிங்கப்பூர் நடுத்தீர்ப்பு நிலையத்தின் 2025 விதிகளில் பொதுவாக மூன்று மாதத்தில் தீர்ப்புத் தரும் சுருக்க நடைமுறை உண்டு. இழந்த மின் உற்பத்தியையும் கேட்க எண்ணினால், மறைமுக நட்டத்தை விலக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாசகம் இல்லையென்றால், நட்டத்தைக் காட்டுவதற்காகத் தென்மேல் பருவம் தொடங்கியதும் தடுப்பணை அளவுகோலை நாளாந்தம் தேதியுடன் படமெடுத்துப் பதிந்து வையுங்கள்.