ஐந்தே மாதத்தில் வீட்டைக் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

கேள்வி: மதுரை எல்லீஸ் நகரில் பிப்ரவரி 1 முதல் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000. பதினோரு மாத ஒப்பந்தம், என் பெயரில், பதிவு செய்யவில்லை. கணவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்துவிட்டது. ஜூன் 5-ம் தேதி ஓனருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். ஜூலை 10 காலி செய்கிறோம். ஜூன் வரை வாடகை கட்டியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் "இரு தரப்பும் இரண்டு மாத நோட்டீஸ்" என்று மட்டும் இருக்கிறது. ஓனரோ, மூன்று மாத வாடகையும் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் என்கிறார். இது சரியா?

பதில்: சரியில்லை. ஆனால் அவர் கேட்பதில் ஒரு பகுதி நீங்கள் கொடுத்தே ஆக வேண்டியது.

அட்வான்ஸ் உங்கள் பணம். நீங்கள் எதையாவது பாக்கி வைத்தால் ஈடுகட்ட ஓனர் கையில் இருப்பது, அவ்வளவுதான். ஆகவே "எவ்வளவு பிடிக்கலாம்" என்ற கேள்வி, "நான் எவ்வளவு பாக்கி" என்ற கேள்விதான். பதினோரு மாதம் முடியும்வரை காலி செய்யக்கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் நிலைமை வேறு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படி இல்லை. இருந்தாலும் ஒருமுறை கடைசிப் பக்கம் வரை படித்துப் பாருங்கள். பத்திரம் எழுதுபவர்கள் பழைய நகலை அப்படியே தட்டிக் கொடுப்பதால், யாரும் கவனிக்காத நிபந்தனைகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

நோட்டீஸ் கணக்கு இப்படி. ஜூன் 5-ல் சொன்னீர்கள், இரண்டு மாதம் ஆகஸ்ட் 4-ல் முடிகிறது. ஜூலை 10-ம் தேதியே சாமான் ஏற்றினாலும் ஆகஸ்ட் 4 வரை வாடகை உங்கள் பொறுப்பு. ஜூலைக்கு 9,000, ஆகஸ்டில் நான்கு நாளுக்குச் சுமார் 1,160. மூன்றாவது மாதம் எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து அது ஆடியிலிருந்து வந்தது. ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிடும், ஆவணி வரை புது ஆள் பால் காய்ச்ச வரமாட்டார், வீடு சும்மா கிடக்கும் என்பது ஓனரின் பயம். நம்ம ஊரில் அது நியாயமான பயம்தான். ஆனால் ஆடி மாதம் சட்டத்திலும் இல்லை, உங்கள் ஒப்பந்தத்திலும் இல்லை. இரண்டு மாதம் என்று கையெழுத்துப் போட்டவர் அந்த இரண்டு மாதத்துக்குள் ஆடி வருமா என்று அப்போதே பார்த்திருக்க வேண்டும். நல்லுறவோடு பிரிய நினைத்தால் ஆகஸ்ட் முழு வாடகையையும் தர ஒப்புக்கொள்ளலாம். அது நீங்கள் விட்டுக்கொடுப்பது, கடன் அல்ல.

ஒருவேளை ஜூலை கடைசியிலேயே வேறு குடும்பம் குடிவந்துவிட்டால், அதே நாட்களுக்கு உங்களிடமும் அவர்களிடமும் வாடகை வாங்கக் கூடாது என்று தாராளமாகக் கேளுங்கள். ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்பது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. "இடையில் காலி செய்தால் அட்வான்ஸ் முழுவதும் கிடையாது" என்று எழுதி வாங்கியிருப்பவர்களுக்கும் இந்தப் பிரிவுதான் துணை.

பெயிண்டிங். தமிழ்நாடு முழுக்கவே, காலி செய்தால் ஒரு மாத வாடகை வெள்ளையடிக்கப் போகும் என்பது எழுதாத வழக்கமாகிவிட்டது. பத்து வருடம் இருந்தவருக்கும் பத்து மாதம் இருந்தவருக்கும் அதே கணக்கு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம், எந்தப் பராமரிப்பு யாருடையது என்று அட்டவணையே போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரியானவை உங்கள் பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றிப் பேச்சே இல்லாததால் அந்த 9,000 நிற்காது. சாதாரணப் புழக்கத்தில் மங்கிய சுவருக்கு வாடகைதாரர் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தை ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த சுவரும், டிவி மாட்ட டிரில் போட்ட ஓட்டைகளும் சாதாரணப் புழக்கத்தில் சேராது. அதை நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்துவிடுங்கள், செலவு குறையும்.

புது ஆளைப் பிடிக்க ஆகும் புரோக்கர் கமிஷனை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், ஒப்புக்கொள்ள வேண்டாம்.

"அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்பதற்கு வருவோம். அதே சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அடுத்த ஆள் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தமில்லை. (மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் அது செல்லும் என்பதால், உங்கள் 60,000-க்கு எதிராக அதை நீட்ட முடியாது.)

நடைமுறையில் உங்களுக்கு நான் சொல்வது: ஜூலை வாடகையைக் கையில் கொடுக்காமல், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அவர் "சரி" என்று எழுத்தில் சொன்ன பிறகுதான். நாமாக நிறுத்தினால் அது வாடகை பாக்கி. அவர் சம்மதித்து நின்றால், நீங்கள் துரத்த வேண்டிய தொகை குறைகிறது. இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"சார், ஜூன் 5-ல் சொன்னபடி ஜூலை 10 காலி செய்கிறோம். ஒப்பந்தப்படி ஆகஸ்ட் 4 வரை வாடகை 10,160 ரூபாய், காலி செய்யும் நாள்வரை உள்ள கரண்ட் பில், ரிப்பேர் இருந்தால் பில்லோடு அந்தத் தொகை, இவற்றை 60,000-ல் கழித்துக்கொண்டு மீதியைச் சாவி வாங்கும் அன்று தாருங்கள். 9-ம் தேதி மாலை வந்து வீட்டைப் பார்த்துவிடுங்கள்."

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் காலி செய்யும் நாளன்று மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறை அறையாக வீடியோவும் எடுங்கள். பில்லும் ரிப்பேரும் 2,000 ஆனாலும் உங்களுக்கு 47,840 வர வேண்டும். ஓனர் கணக்கில் வருவது 24,000.

பணம் வராமல் சாவி தரமாட்டேன் என்று பூட்டிவிட்டுப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். வாடகை வீட்டில் அது ஆபத்து. சாவி உங்களிடம் இருக்கும்வரை வீடு உங்கள் வசம், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவர் சொல்லலாம். பணம் தராவிட்டாலும் சாவியைக் கொடுத்து, "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஒத்திக்கு இருப்பவர்களுக்கு மட்டும் இது நேர் எதிர். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கும் ஒத்தியில், தவணைக்குள் சாவியை வைத்திருப்பதால் வாடகை ஏறாது, வீட்டின் வசம்தான் பணத்துக்குப் பிடிமானம். அவர்கள் முழுப் பணமும் வங்கிக் கணக்கில் ஏறுமுன் சாவியை நீட்டவே கூடாது. ஒத்திப் பணத்தை ஓனர் எப்போதோ செலவழித்திருப்பார், அடுத்த ஒத்திக்காரர் பணத்தில்தான் இவர்களுக்குத் தருவார். அதனால் ஒத்திக்கு இருப்பவர்கள் சில மாதம் முன்பே சொல்லி, முடிந்தால் ஆளையும் தாங்களே பிடித்துக் கொடுப்பது நல்லது.

ஒரு மாதம் கழித்தும் உங்கள் பணம் வராவிட்டால், கணக்கையும் ஆதாரங்களின் நகலையும் வைத்து ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரி இருக்கிறார், ஆனால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாததால் அங்கே முதல் படியிலேயே தடை வரும். கோவையில் பிடிக்கும் வீட்டுக்காவது பதிவு செய்துவிடுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள்.

உங்களுக்கு ஏற்ற இடம் மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடும் முன்பே மனு கொடுத்தால் ஓனரை அழைத்துப் பேசுவார்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருப்பது இங்கேதான் கைகொடுக்கும். மனுவை ஊர் மாறுவதற்கு முன்பே எழுதித் தயாராக வையுங்கள், கோவையிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் வந்து போவது பெரும்பாடு. கடைசி வழியான சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம் அவகாசம் உண்டு.