‘ஃபைன்’ என்று சொன்னால் என்ன அர்த்தம்?

தம்பி, நீங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைக்கு மேனேஜர் ‘தட்ஸ் ஃபைன்’ என்று மட்டும் பதில் போட்டிருக்கிறார், அது பாராட்டா அதிருப்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. ‘சரி, இது போதும், மாற்ற வேண்டியதில்லை’ என்கிறார், அவ்வளவுதான். பிரிட்டனில் வேலையிடத்தில் நாள் முழுக்கக் காதில் விழும் சொல் இது. லீவு கேட்டாலும் இதே பதில்தான் வரும். லீவு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஃபைன் என்றால் ‘மிக நேர்த்தியான’ என்று படித்திருப்போம். அந்தப் பொருள் இன்றும் இருக்கிறது, ஆனால் சொல் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் உயர்வு. ‘எ ஃபைன் சிங்கர்’ என்றால் மனதாரப் பாராட்டுகிறார்கள். வாக்கியத்தின் கடைசியில் போய் நின்றால் ‘குறை ஒன்றும் இல்லை’ என்பதோடு சரி. ‘எ ஃபைன் ரிப்போர்ட்’ என்று எழுதியிருந்தால் நீங்கள் சந்தோஷப்படலாம், ‘த ரிப்போர்ட் இஸ் ஃபைன்’ என்றால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். மணலுக்கும் தலைமுடிக்கும் சொன்னால் பொடியானது, மெல்லியது. வானிலைக்குச் சொன்னால் மழை இல்லை. அபராதத்துக்கான ஃபைனும் இதுவும் ‘முடிவு’ என்று பொருள்படும் ஃபினிஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவைதான். பணத்தைக் கட்டி வழக்கை முடித்துக்கொள்வது என்ற பொருளில் அபராதத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

நேரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒற்றைச் சொல்லாக ‘ஃபைன்’ என்றால் கோபம் இருக்கலாம். மின்னஞ்சலில் அப்படித் தேட வேண்டாம், தூக்கம்தான் கெடும். அவருடைய உண்மையான கருத்து வேண்டும் என்றால் ‘எந்தப் பகுதியை இன்னும் சீராக்கலாம்?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். பெரும்பாலும் நேராகவே சொல்வார்கள்.

இன்னொன்று. டீ வேண்டுமா என்று கேட்கும்போது ‘ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்’ என்றால் ‘வேண்டாம்’ என்று பொருள். மரியாதைக்காக முதலில் மறுத்துவிட்டு, மறுபடி கேட்பார்கள் என்று நாம் காத்திருப்போம். இங்கே அப்படி வற்புறுத்துவது குறைவு. வேண்டும் என்றால் முதல் தடவையே ‘யெஸ் ப்ளீஸ்’ சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் உண்மையில் கவலைப்படுவது டாக்டரிடம் சொல்லும் ஃபைன் பற்றித்தான். குடும்ப மருத்துவரான ஜிபி உங்களுக்கு ஒதுக்கும் நேரம் பொதுவாகப் பத்து நிமிடம். உள்ளே போனதும் ‘ஹவ் ஆர் யூ?’ என்பார். நம் வாய் பழக்கத்தில் ‘ஃபைன்’ என்றுவிடும். அப்புறம் ‘கொஞ்சம் வலிதான், பெரிதாக ஒன்றும் இல்லை’ என்று இழுப்போம். டாக்டருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அவர் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முதலில் எடைபோடுகிறார். வலி இருக்கும்போது ஃபைன் என்று சொல்லவே சொல்லாதீர்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, அதனால் என்ன செய்ய முடியவில்லை என்று உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே ஆரம்பியுங்கள். மாடிப்படி ஏற முடியவில்லை, இரவில் தூக்கம் இல்லை என்று சொன்னால் டாக்டருக்கு நிலைமை பிடிபடும். வலிக்குச் சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் கேட்டால் அடக்கம் பார்த்துக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

மனைவி கூட வந்திருப்பதாகவும், அவருக்கு ஆங்கிலம் இன்னும் பழகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை அவருக்கும் சொல்லுங்கள். என்ன கேட்டாலும் ‘யெஸ், ஃபைன்’ என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் மருத்துவ சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளர் உதவி இலவசம். தமிழிலும் கேட்கலாம், பெரும்பாலும் தொலைபேசி வழியாக இருக்கும். நேரம் பதிவு செய்யும்போதே ரிசப்ஷனில் சொல்லிவிடுங்கள். அவர் தமிழிலேயே முழுதாகச் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.