பழைய விளைநிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று கண்டறிவது

தங்கள் தாத்தா பயிரிட்ட நிலம் மனைகளாகிவிட்டதாகவும், கையிலுள்ள பத்திரத்தின் அளவை எண் (சர்வே எண்) இன்றைய பதிவேட்டில் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்காக ஆவணமே தவறென்று கருத வேண்டாம். நிலம் பிரிக்கப்படும்போதோ மறு அளவை நடக்கும்போதோ பழைய எண் நீங்கி, உட்பிரிவு எண்கள் வருவது வழக்கம். ஆகவே பத்திரங்களைத் தேடுவதற்கு முன், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் அளவைப் பதிவைக் கேட்டுப் பெறுங்கள்.

அது கிடைக்காவிட்டால், பத்திரத்தில் நான்கெல்லையாகக் குறித்துள்ள கால்வாய், பாதை, அண்டை நிலம் ஆகியவற்றைப் பழைய வரைபடத்தில் பொருத்திப் பாருங்கள். 1972 முதல் எடுக்கப்பட்டுவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் வேலியும் வரப்பும் தெரியாது என்றாலும், சாகுபடி ஏறத்தாழ எந்த ஆண்டில் நின்றது என்று ஊகிக்க முடியுமானால், பதிவேட்டில் புரட்ட வேண்டிய பக்கங்கள் வெகுவாகக் குறையும்.

பிறகு தாத்தாவிடமிருந்து முன்னோக்கியும் இன்றைய உரிமையாளரிடமிருந்து பின்னோக்கியும் கைமாற்றங்களைத் தொடருங்கள். இரண்டும் சந்திக்காத இடத்தில் பெரும்பாலும் விற்பனை இராது. உயில், பாகப்பிரிவினை, ஏலம், நீதிமன்றத் தீர்ப்பு, அரசுக் கையகப்படுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருக்கும், அவற்றின் தாள்கள் வேறு அலுவலகங்களில் கிடக்கும்.

வரி செலுத்துபவரின் பெயரை மட்டும் கண்டு, அவரே உரிமையாளர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் முறையைப் பின்பற்றும் நாடுகளில் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமையை நிறுவும். பத்திரப் பதிவு மட்டும் உள்ள நாடுகளில் கைமாற்றச் சங்கிலி முழுவதையும் வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.